காய்ச்சல் போய் 4 மாசம், அதிரசப் பாகு பதம் தப்புது: வைரஸ் வேலையா?

கோட்டையூர்க்காரன்:
கல்யாண ஆர்டருக்குப் பலகாரம் போடுற ஆச்சி, வயசு 54. கொரோனா வந்து 4 மாசம் ஆச்சு. முறுக்குச் சுத்துறதுல கை தப்பலை. ஆனா உப்புப் போட்டோமாங்கிறதே மறந்துடுது, படி எண்ணிக்கை நடுவுல விட்டுப்போகுது, பாகு முத்திடுது. வாசனையும் பாதிதான் தெரியுது. வயசுக் கோளாறா?

தேவகோட்டை நர்ஸ்:
வயசுன்னு முடிவு கட்டாதீங்க. பழகின கைவேலை நிக்கும். ‘இது எத்தனையாவது படி’ன்னு நிமிஷக்கணக்குல பிடிச்சு வைக்கிற நினைவும் கவனமும்தான் கொரோனாவுல அடிபடும். 2024-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வுல, கொரோனா வராதவங்களைவிட, அறிகுறி நீடிச்சவங்களுக்கு ஐக்யூ 6 புள்ளி அளவுக்குக் குறைவு. குணமானவங்களுக்கு 3 தான். முதல்ல ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 பாருங்க. சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டா பி12 குறையலாம், அதுவும் மறதியைக் கொடுக்கும்.

பள்ளத்தூர் அடுப்படி:
பாகு கொதிக்கும்போதே மாவு சலிக்கிறது, ஏலக்காய் தேடுறது, போன் எடுக்கிறது. அங்கதான் தப்பு. அந்த ஒரு நிமிஷத்துல பாகு முத்தி அதிரசம் கல்லாயிடும். பயந்து முன்னாடியே இறக்கினா எண்ணெயில பிரிஞ்சுடும். மாவைச் சலிச்சு, ஏலக்காய் தட்டி வச்ச பிறகுதான் வெல்லம் அடுப்புக்கு ஏறணும். பக்கத்துல கிண்ணத்துல தண்ணி. நுரைச்சு வந்ததும் சொட்டு விட்டு, இளக்கமா உருண்டா இறக்கிடணும். அதுவரை நகரவே கூடாது.

உப்பை முதல்லயே அளந்து கிண்ணத்துல வைங்க, போட்டதும் கிண்ணத்தைக் கவுத்துடுங்க. 8 படின்னா 8 புளியங்கொட்டை. ஒரு படி கொட்டினா ஒண்ணை அந்தப் பக்கம் நகர்த்துங்க. மனக்கணக்கே வேண்டாம்.

கானாடுகாத்தான்:
தினம் வல்லாரை சாப்பிட்டா சரியாயிடுமே?

தேவகோட்டை நர்ஸ்:
துவையல் அரைச்சுத் தாராளமா சாப்பிடலாம், அண்ணே. அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, ‘பழகினா சரியாகும்’னு முழு ஆர்டரையும் ஒரே நாள்ல செய்யச் சொல்லாதீங்க. அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. மறுநாளோ அதுக்கடுத்த நாளோ ஆளைப் படுக்க வச்சுடும். அலுப்புத் தட்டுறதுக்கு முன்னாடியே உட்காரணும்.

வாசனை திரும்ப ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் மோந்து பழகணும். ஒவ்வொண்ணும் 20 வினாடி, காலை மாலை, குறைஞ்சது 12 வாரம். மெதுவாத்தான் திரும்பும். அதுவரைக்கும் சிலிண்டர் கசிஞ்சாலும் அவங்களுக்குத் தெரியாமப் போகலாம். ராத்திரி ரெகுலேட்டர் மூடியிருக்கான்னு வேற ஒருத்தர் போய்ப் பாருங்க.