‘நிறுவன ஆதரவு’ என்பதற்குப் பதிலாகப் ‘புரப்பு’

நண்பர்களுக்கு வணக்கம்.

புதிய நிரல்மொழிகளை மதிப்பிடுவதற்கான சொற்பட்டியலில் மூன்று சொற்கள் இன்னும் முடிவாகவில்லை: ஒரு மொழி கொண்டுவரும் புதுமை, அதற்கான கருவிகள், பணமும் ஆளும் கொடுத்து அதை வளர்க்கும் நிறுவனத்தின் துணை ஆகியவற்றுக்கான சொற்கள். முதலாவதற்குத் ‘தனித்தன்மை’ பொருந்தாது என்று முன்மடலில் வந்த கருத்தை ஏற்கிறேன்; தனித்துத் தெரிவது வேறு, புதிதாகக் கொண்டுவருவது வேறு. எடுத்துக்காட்டாக, கோ (Go) என்னும் நிரல்மொழியின் ஒருங்கியக்க முறைக்கு, அதாவது பல பணிகளை ஒருசேர நடத்தும் முறைக்கு, வேர் 1978-இல் கணினியியலாளர் டோனி ஹோர் எழுதிய ஆய்வுரையில் இருக்கிறது. ஆயினும் அம்மொழி பிற மொழிகளிலிருந்து தனித்தே தெரிகிறது. பிறரிடம் இல்லாததை முதலில் கொண்டுவருவதைக் குறிக்கப் ‘புத்தாக்கம்’ போதும். தொகுப்பி (compiler), பிழைத்திருத்தி (debugger), பொதி மேலாளர் (package manager) எல்லாவற்றையும் சேர்த்துக் ‘கருவித்தொகுதி’ என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

என் தயக்கமெல்லாம் ‘நிறுவன ஆதரவு’ பற்றியது. “கோட்லின் மொழிக்குக் கூகுள் 2017-இல் ஆதரவு அறிவித்தது” என்று எழுதினால், ஆண்ட்ராய்டில் அம்மொழியில் நிரல் எழுதலாம் என்று பொருளா, கூகுள் பணமும் ஆளும் கொடுத்து அம்மொழியை வளர்க்கிறது என்று பொருளா? அன்று முதன்மையாக அறிவிக்கப்பட்டது முன்னது; மொழியை உருவாக்கி வளர்த்து வந்தது ஜெட்பிரெயின்ஸ் என்னும் நிறுவனம். மென்பொருள் எழுத்தில் ‘ஆதரவு’ ஏற்கெனவே இயங்குதள ஆதரவு, எழுத்துரு ஆதரவு என்று வேறு வேலையில் ஊன்றிவிட்டதால், அதன்மீது இன்னொரு பொருளையும் ஏற்றுவது மதிப்பீட்டையே குழப்பும்.

ஆகவே ‘புரப்பு’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். புரவலர் என்ற சொல்லை அறியாதவர் இல்லை; புரத்தல் என்பது பேணிக் காத்து வளர்த்தல். வினையாகவும் வளையும் என்பது இதன் பெரும் பலம். மொசில்லா நிறுவன ஊழியர் ஒருவரின் சொந்த முயற்சியாகத் தொடங்கிய ரஸ்ட் என்னும் நிரல்மொழியை அந்நிறுவனம் 2009 முதல் புரந்தது. 2020 ஆகஸ்டில் அந்நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது புரப்பு தளர்ந்தது. 2021 பிப்ரவரியில் ஐந்து நிறுவனங்களைத் தொடக்க உறுப்பினர்களாகக் கொண்டு அமைந்த ரஸ்ட் அறக்கட்டளை அதை ஏற்றது. இந்த வரலாற்றை ‘ஆதரவு’ கொண்டு எழுதிப் பார்த்தேன். எந்த இடத்தில் பணம் நின்றது என்பதே தெளிவாகவில்லை.

‘புரவு’ இன்னும் சுருக்கமானதுதான். ஆனால் சோழர் கல்வெட்டுகளில் ‘புரவுவரி’ என்று நிலவருவாயோடு இணைந்து வருவதால் அதைத் தவிர்த்தேன். எண்ணிப் பார்த்த இன்னொரு சொல்லான ‘பின்புலம்’ ஒரு மொழி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுமேயன்றி, இன்று யார் தாங்குகிறார் என்பதைச் சொல்லாது.

மறுப்பு எழுதுவோர் ‘புரந்த’, ‘புரக்கும்’ என்னும் வடிவங்கள் வாசிக்கையில் தடுக்குகின்றனவா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். தடுக்கவில்லையெனில், கோட்லின் வாக்கியத்தையே ‘ஆதரவு’க்கும் ‘புரப்பு’க்கும் உள்ள வேறுபாட்டுக்கு எடுத்துக்காட்டாக வைத்துப் ‘புரப்பு’ என்பதைப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.