பத்திர அலுவலகத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே அறிவியல் புனைகதை எழுத முடியுமா?

நாற்புற எல்லை (மேலூர்):

வணக்கம். மேலூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். கிரயம், பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட், குத்தகை என்று நாள் முழுவதும் பிறர் சொத்தின் நான்கு எல்லைகளை அடித்துக்கொண்டிருப்பவள். கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மல்லிகை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் மூன்று மணிக்கே விளக்கு எரியும். மகள் பத்தாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. சாப்பாடு நேரம் தவறக்கூடாது.

எனக்கு அறிவியல் புனைகதை எழுத வேண்டும். கதையின் விதை என் வேலையிலிருந்தே வந்தது. முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே 1886-இல் எழுதப்பட்ட குத்தகையின் காலம் 999 ஆண்டுகள். நிலம் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் என்று பேசி எழுதியிருக்கிறார்கள். பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தையே திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிற எனக்கு, அந்த 999 மனத்தை விட்டு அகலவே இல்லை. 2885-ஆம் ஆண்டு பிறக்கும்போது அந்தக் கெடு முடிந்திருக்கும். மேற்கே ஓட வேண்டிய தண்ணீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகை வழியாகக் கொண்டுவந்து கிட்டத்தட்ட ஆயிரம் வருடம் சோறு சாப்பிட்டிருப்போம். மறுநாள் காலையில் மேலூரில் என்ன நடக்கும்?

ஒரு நோட்டு நிறையக் குறிப்பு சேர்ந்துவிட்டது. வைகைக்கு மேலே கண்ணாடிக் கூரை, தண்ணீரை அளந்து தீர்ப்புச் சொல்லும் இயந்திரம், வியர்வையைச் சேமிக்கும் சட்டை, நிலவில் குடியேறிய கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள். எழுத உட்காரும்போதுதான் சிக்கல். இத்தனையையும் மனத்துக்குள் திரும்பக் கொண்டுவரவே அரை மணி நேரம் பிடிக்கிறது. எல்லாம் கூடி வரும்போது பதிவு அலுவலகத்தில் எங்கள் டோக்கனைக் கூப்பிடுகிறார்கள், அல்லது மாமியாருக்கு ஊசி போடும் நேரம் வந்துவிடுகிறது. மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முகூர்த்த நாளென்றால் வீடு திரும்பவே ஏழரை ஆகிவிடும்.

கணவர் தடுப்பவர் இல்லை. வண்டிக் கடன் தவணையைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இதில் பணம் ஏதாவது வருமா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வேலையும் குடும்பமுமாக இருந்துகொண்டு இந்த வகைக் கதை எழுதுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகள் வளரட்டும் என்று காத்திருக்க மனம் ஒப்பவில்லை.

தெப்பக்குளம் வாசகன்:

அக்கா, கதைக்கரு அருமை. விட்டுவிடாதீர்கள். சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டேதான் வார இதழ்களில் தொடர்கதைகள் எழுதினார். அண்ணன் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு படுக்காமல் அப்படியே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

உசிலை செவிலி:

தம்பி நல்ல மனத்தோடு சொல்கிறார். ஆனால் நான் அதற்கு உடன்பட மாட்டேன். நான் மருத்துவமனையில் மூன்று ஷிப்டிலும் வேலை பார்க்கிறவள். தூக்கத்தைக் கடன் வாங்கி ஓடுகிற பெண்கள் நாற்பது வயதில் ரத்த அழுத்த மாத்திரைக்கு வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மணிக்கு எழுந்தவர் மறுபடி ஒரு மணி நேரமாவது படுக்கத்தான் வேண்டும். சுஜாதா எழுதியதை வாங்கிப் போட இதழ்கள் இருந்தன, அடுத்த வாரத்துக்கு வாசகர்கள் காத்திருந்தார்கள். நமக்காக யாரும் காத்திருக்கவில்லை. அதனால் நமக்கு வழி வேறு.

சகோதரி, நானும் இந்த வகைக் கதைதான் எழுதுகிறேன். இரண்டு கதைகள் சிற்றிதழில் வந்திருக்கின்றன. நேரம் குறைவு என்கிறீர்கள். உங்கள் குறிப்பைப் படித்தால் சுமை அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கண்ணாடிக் கூரை, தீர்ப்பு இயந்திரம், வியர்வைச் சட்டை, நிலாக் குடியேற்றம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உங்கள் கதையில் மாறியது ஒன்றே ஒன்று: குத்தகை முடிந்துவிட்டது. அது போதும். மற்றதெல்லாம் இன்று மேலூரில் இருப்பதுபோலவே இருக்கட்டும், கண்மாய், மடை, வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டி, பங்காளிச் சண்டை உட்பட. அப்படிச் செய்தால் மனத்தில் தனியாக ஓர் உலகத்தைச் சுமக்க வேண்டியதில்லை. காலையில் அலுவலகக் கதவைத் திறந்ததும் அதற்குள் நுழைந்துவிடுவீர்கள்.

அடுத்தது, நாவலாக நினைக்காதீர்கள். பத்திரங்களாகவே எழுதுங்கள். 2885-இல் ஒரு கிழவி தன் பேத்திக்கு எழுதிவைக்கும் தானசெட்டில்மெண்ட். அவள் கொடுப்பது நிலத்தை அல்ல, இரவில் இரண்டு நாழிகைத் தண்ணீர் முறையை. அடுத்து அண்ணன் தம்பிகளுக்கிடையே, பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரம். அதற்கடுத்து ஒரு பிழைத்திருத்தல் பத்திரம். அதில் திருத்தப்படுவது ஒரு கிணற்றின் ஆழம் மட்டும்தான், ஆனால் அந்த ஒரு வரியில் ஊரே வற்றிப்போனது வாசகனுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஓர் உயில், அதை ரத்து செய்யும் ஒரு பத்திரம். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பக்கம். இரண்டு டோக்கன்களுக்கு நடுவே முடிக்கலாம். முடியாவிட்டாலும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம். எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர், சொத்து விவரம், சாட்சி என்று வரிசை உங்கள் விரல்களிலேயே இருக்கிறது. நாள் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது என்றால் கதையும் துண்டுகளால் ஆன கதையாக இருக்கட்டுமே. நான் என் கடைசிக் கதையை ஷிப்டு மாற்றும்போது எழுதும் குறிப்பேட்டு வடிவில் எழுதினேன். எந்த நோயாளியின் பெயரும் அதில் இல்லை. நீங்களும் அதில் கவனமாக இருங்கள்: பத்திரம் எழுத வருகிறவர்களின் பெயரோ சர்வே எண்ணோ கதைக்குள் வரக்கூடாது, அலுவலகக் கணினியில் கதையைச் சேமிக்கவும் கூடாது. சின்ன நோட்டு போதும்.

வருடத்தையும் ஒருமுறை பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கிரயம் பதிய ஆட்கள் வருவது குறைவு, இல்லையா? நீளமாக எழுத வேண்டியதை அந்த இரண்டு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். தையிலும் ஆவணியிலும் குறிப்பு மட்டும் எடுங்கள், எழுதவில்லையே என்று வருந்த வேண்டாம்.

வீட்டில் சொல்ல வேண்டியதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பணம் இப்போதைக்கு வராது. பல இதழ்களில் சன்மானமே கிடையாது. அதை அப்படியே கணவரிடம் சொல்லிவிட்டு, "எனக்கு இது வேண்டும்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடன் கணக்குப் பார்க்கிற மனிதருக்கு மழுப்பல்தான் பிடிக்காது, உண்மை பிடிக்கும். எங்கள் வீட்டில் என் ஷிப்டு அட்டவணை குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டியிருக்கும். அதில் ஞாயிறு மதியத்துக்கு நேரே "எழுத்து" என்று நான் எழுதிய நாளிலிருந்து, அந்த நேரத்தில் மாமனாருக்குக் காபி போடுவது என் கணவரின் வேலை. யாரும் சண்டை போடவில்லை. எழுதி ஒட்டாதவரை அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

மதுரைக்கு வர முடிகிற ஞாயிற்றுக்கிழமையில் புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மகனை அழைத்துக்கொண்டு வாருங்கள். 2023-இல் திறந்தது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அவன் அங்கே படிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள்.

பழைய லஸ்கர்:

அம்மா, நான் கதை எழுதுகிறவன் அல்ல. பெரியாறு பிரதானக் கால்வாயில் லஸ்கராக, அதாவது ஷட்டரைத் திறந்து மூடும் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணீர் விஷயம் என்பதால் சொல்கிறேன்.

கதை எழுதும் முன் 2885-இல் அணை இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 1895-இல் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் போட்டுக் கட்டி முடித்த அணை அது. உயரம் 176 அடி. 2014-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி 142 அடி வரை தேக்கலாம். உங்களுக்கு வேண்டிய எண் இதுவல்ல, 104. நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போய்விட்டால் சுரங்கப்பாதை வழியாக நம் பக்கம் தண்ணீர் ஏறாது. அணையை யாரும் இடிக்க வேண்டாம், மதகை மூட வேண்டாம். மட்டம் 104-க்குக் கீழே நின்றால் போதும், குத்தகை முடிந்த மாதிரிதான். இதை வைத்து நீங்கள் ஏதாவது செய்யலாம்.

இன்னொன்று. கால்வாய் தொடங்கும் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே உங்கள் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கம்பம் அல்ல, கடைமடை. அங்கேதான் ஆட்கள் இரவில் தூங்காமல் டார்ச் விளக்கோடு கால்வாய்க் கரையில் நடப்பார்கள். ஷட்டரை யாராவது மேலே கொஞ்சம் தூக்கினாலும் தண்ணீரின் சத்தம் மாறிவிடும். குளிக்கிற வாளி நிரம்பும்போது சத்தம் மாறுமே, அந்த மாதிரி. படுத்திருந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். இயந்திரம் தீர்ப்புச் சொல்வதைவிட, இந்தச் சத்தத்தைக் கேட்கத் தெரிந்த ஓர் ஆளை உங்கள் கதையில் வையுங்கள். உங்கள் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து அவன் போடட்டும்.

எழுதியதை எனக்கு அனுப்பினால் தண்ணீர்க் கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

நாற்புற எல்லை:

தம்பி, அக்கறையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் கணவர் கிளம்பிய பிறகு எனக்குக் கிடைக்கும் தூக்கம்தான் மறுநாள் தட்டச்சில் பிழை வராமல் காப்பாற்றுகிறது. ஒரு சர்வே எண் தவறினால் ஒரு குடும்பமே அலைய வேண்டியிருக்கும். அந்த நேரத்தைத் தொட மாட்டேன்.

உசிலை அக்கா, நோட்டிலிருந்து நிலாவை எடுத்துவிட்டேன். கூரையையும் எடுத்துவிட்டேன். தீர்ப்பு இயந்திரத்தை எடுக்கும்போது மனம் கேட்கவில்லை, ஆனால் லஸ்கர் ஐயா சொன்ன ஆளுக்கு அந்த இடம்தான் சரி என்று தோன்றியது. இன்று டோக்கனுக்குக் காத்திருந்தபோது கிழவியின் தானசெட்டில்மெண்டில் நான்கு எல்லைகளையும் எழுதி முடித்தேன்: வடக்கே வற்றிய கண்மாய், கிழக்கே அதன் கலுங்கு, தெற்கே பங்காளியின் தரிசு, மேற்கே முறைத் தண்ணீர் வந்த வாய்க்கால். சொத்து விவரத்தில் "வந்துகொண்டிருக்கும்" என்று அடிக்கப் பழகிய கை, "வந்த" என்று எழுதியதும் கதை எனக்குள் நகரத் தொடங்கிவிட்டது.

கணவரிடமும் பேசினேன். பணம் வராது என்றேன். "சரி, ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு நான் சோறு போட்டுவிடுகிறேன், நீ பையனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போ" என்றார். ஊசி போடுவதை மட்டும் மகள் கற்றுக்கொள்கிறாள்.

லஸ்கர் ஐயா, ஒரு சந்தேகம். ஷட்டரைத் திருகும் கைப்பிடி யார் பொறுப்பில் இருக்கும்? கிழவியின் கணவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதாக எழுதலாமா?

பழைய லஸ்கர்:

என் காலத்தில் கைப்பிடி எங்கள் பொறுப்பில்தான் இருந்தது அம்மா. ஆனால் பொறியாளர் சொல்லாமல் ஒரு சுற்றுகூடச் சுற்ற முடியாது. வீட்டுக்கு எடுத்து வந்தால் வேலை போய்விடும். அவன் எடுத்து வரட்டும், அதற்கு வலுவான காரணம் ஒன்று கொடுங்கள். கைப்பிடி கனமானது, வயதானவன் சைக்கிளில் வைத்துக் கட்டித்தான் கொண்டுவர முடியும். பகலில் கொண்டுவந்தால் ஊரே பார்த்துவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.