‘கர்ப்பிணி’, ‘தாய்’ என்ற சொற்களை மருத்துவமனைக் கையேட்டிலிருந்து எடுக்கலாமா?

வெண்புறா:
மகப்பேறுப் பிரிவில் 19 வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டைத் திருத்தும் வேலை எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. முதல் கூட்டத்திலேயே ஒரு யோசனை: ‘கர்ப்பிணிப் பெண்கள்’ என்று வருமிடமெல்லாம் ‘கருவுற்ற நபர்கள்’, ‘தாய்’ என்று வருமிடமெல்லாம் ‘பிரசவித்த நபர்’. திருநம்பிகளும் (பெண்ணென்று பதிவான உடலோடு பிறந்து ஆணாக வாழ்பவர்கள்), ஆண் பெண் என்ற இரண்டிலும் தங்களை வைத்துப் பார்க்காதவர்களும் பிள்ளை பெறுகிறார்கள், அவர்களை ஒதுக்கக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். காரணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மாற்றத்தை ஏற்க மனம் வரவில்லை.

‘நபர்’ என்பதை நாம் எங்கே கேட்கிறோம்? அடையாளம் தெரியாத நபர், சந்தேகத்துக்குரிய நபர். விடிய விடிய வலி பொறுத்துப் பிள்ளை பெற்றவளை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. எங்களிடம் வருகிறவர்களில் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் பலர். ரத்தப்போக்கு நிற்காவிட்டால் உடனே வா என்று சொல்லும் தாளில், இது யாருக்கு எழுதியது என்று அவர்கள் ஒரு நொடிகூடத் தயங்கக் கூடாது.

2021 செப்டம்பரில் லான்செட் மருத்துவ இதழ் தன் அட்டையில் ‘யோனி உள்ள உடல்கள்’ என்று அச்சிட்டது நினைவிருக்கும். அந்த உடல்களை மருத்துவம் நெடுங்காலம் புறக்கணித்தது என்று வருத்தப்படும் வாக்கியம் அது. வருத்தப்படும்போதே ‘பெண்’ என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். ஆசிரியர் ரிச்சர்டு ஹார்ட்டன் பிறகு மன்னிப்புக் கேட்டார். அதே தப்பை எங்கள் கையேட்டில் செய்ய வேண்டாம் என்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சொல்தச்சன்:
அக்கா, ‘நபர்’ வேண்டாம் என்பதில் நான் உங்கள் கட்சி. மருத்துவக் குறிப்புகளை மொழிபெயர்ப்பதுதான் என் தொழில், அந்தச் சொல் எந்த வழியாக நுழைந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் மோசமான ஒரு மொழிபெயர்ப்பைக் காட்டி, அதன் பின்னால் இருக்கும் தேவையையே தள்ளிவிடக் கூடாது.

நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் 2019-ல் வந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 32 வயதுக்காரர், பதிவேட்டில் ஆண். வயிற்று வலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார். தான் திருநம்பி என்றும், வீட்டில் செய்த சோதனையில் கர்ப்பம் என்று வந்தது என்றும் அவரே சொல்கிறார். ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது. முதலில் பார்த்த செவிலி, ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்ட பருமனான ஆண் என்று எடுத்துக்கொண்டு, அவசரமில்லாதவர்களோடு உட்காரவைக்கிறார். பல மணி நேரம் கழித்துச் சோதித்தபோது தொப்புள்கொடி குழந்தைக்கு முன்பே நழுவி இறங்கியிருந்தது. குழந்தை இறந்தே பிறந்தது. கர்ப்பம் என்றால் பெண் என்று மட்டுமே பழகிய காதில், அவர் வாய்விட்டுச் சொன்னதுகூட ஏறவில்லை. அந்தப் பழக்கத்தை நாம் தரும் தாள்களும்தான் உண்டாக்குகின்றன.

அப்புறம், பிரிட்டனில் பிரைட்டன் மருத்துவமனைகள் 2021-ல் கொண்டுவந்த வழிகாட்டியைப் பற்றி, ‘தாய்’ என்ற சொல்லுக்கே தடை என்கிற தொனியில் செய்திகள் வந்தன. அதில் தடை எதுவும் இல்லை. ‘பெண்கள்’ என்று சொல்லுங்கள், அதோடு பிரசவிக்கும் மற்றவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் இருந்தது.

வெண்புறா:
நீங்கள் சொன்ன நிகழ்வை நான் வேறு மாதிரி படிக்கிறேன் தம்பி. அவருடைய பதிவேட்டில் ‘ஆண்’ என்று மட்டும் இருந்தது. பிறப்பில் என்ன உடல் என்று ஒரு கட்டத்தில் குறித்திருந்தால், வயிற்று வலி என்றதும் கர்ப்பச் சோதனைதான் முதலில் நடந்திருக்கும். உடலைப் பற்றிய சொல் மங்கலானால் உயிர் போகும் என்பதற்கு அது சாட்சி. அந்தச் செவிலி செய்தது தவறு, அதை நான் மறைக்கவில்லை. வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது எங்கள் கண் முதலில் போவது தாளில் இருப்பதன் மேல்தான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு ‘கர்ப்பப்பை வாய் உள்ளவர்கள் வரவும்’ என்று எழுதினால், தன் உடம்பில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவள் எப்படி வருவாள்? ‘பெண்கள் வரவும்’ என்றால் வருவாள்.

வேர்:
நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பிள்ளை பெறுவது பெண்ணுடல். இங்கிலாந்தில் ஒரு திருநம்பி தன் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் ‘தந்தை’ என்றோ ‘பெற்றோர்’ என்றோ போட வேண்டும் என்று வழக்காடினார். 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டப்படி ஒருவர் ஆணாகவே இருந்தாலும் பிள்ளையைப் பெற்றவர் ‘தாய்’தான் என்று தீர்ப்புச் சொன்னது. நீதிமன்றமே சொன்னபிறகு கையேட்டில் என்ன குழப்பம்?

சொல்தச்சன்:
வேர், வேறு நீதிமன்றங்கள் வேறு மாதிரியும் சொல்லியிருக்கின்றன. கருக்கலைப்பு உரிமை பற்றிய 2022 தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றம் ‘பெண்’ என்ற சொல்லையே வைத்துக்கொண்டது. ஆனால் இந்தத் தீர்ப்பில் அந்தச் சொல் கருக்கலைப்புத் தேவைப்படும் மற்றவர்களையும் குறிக்கும் என்று விளக்கிவிட்டது. 2024-ல் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் ‘கர்ப்பமாக இருப்பவர்’ என்ற பொருளில் பொதுச்சொல்லையே எடுத்துக்கொண்டது. சட்டத்தின் சொல் வழக்குக்கு வழக்கு நகர்கிறது. படுக்கையில் இருப்பவருக்குத் தரும் தாளை அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

எண்கணியன்:
நான் ஆய்வுத் தரவுகளோடு வேலை செய்பவன். இந்த விவாதத்தில் யாரும் தொடாத ஒரு ஆபத்து இருக்கிறது.

2020-ல் கோவிட் பற்றி வந்த அமெரிக்க ஆய்வு, கர்ப்பமாக இருந்த பெண்களை அதே 15 முதல் 44 வயதுக்குள் கர்ப்பமில்லாத பெண்களோடு ஒப்பிட்டது. கர்ப்பிணிகளுக்குத் தீவிர சிகிச்சை தேவைப்படுவது அதிகம் என்று கண்டது. இதை ஒருவர் நல்ல எண்ணத்தோடு, ‘கர்ப்பமாக இருப்பவர்களுக்கு, கர்ப்பமில்லாதவர்களைவிட ஆபத்து அதிகம்’ என்று மாற்றி எழுதுகிறார் என்று வையுங்கள். கர்ப்பமில்லாதவர்களில் ஆண்களும் வந்துவிட்டார்கள். கோவிடால் ஆண்கள் மோசமாகப் பாதிக்கப்பட்டது பெண்களைவிட அதிகம். ஒரு சொல் மாறியதும் ஆய்வு சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகிவிட்டது.

இன்னொன்று. 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கும் வழிகாட்டுதலை வெளியிட்டது. 1993-ல்தான் அது மாறியது. 2020-ல்கூட முதல் கோவிட் தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. ஒதுக்கும்போது ‘பெண்’ என்று பெயர் சொல்லி ஒதுக்கினார்கள். கணக்குக் கேட்கும்போது மட்டும் அந்தப் பெயர் போய்விட்டால், எதை வைத்துக் கேட்பது?

சொல்தச்சன்:
முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆய்வில் யாரை எண்ணினார்களோ அவர்களைத்தான் எழுத வேண்டும். நான் பேசுவது வாசலில் நிற்கும் ஆளைப் பற்றி.

அரும்பு:
நான் திருநம்பி. மூன்று வருடத்துக்கு முன் என் மகளைப் பெற்றேன். இதுவரை வந்த பதிவுகளை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கையேடு எனக்குப் புரியாமல் இல்லை. ‘தாய்’ என்று இருந்தால் அது என்னைத்தான் சொல்கிறது என்று எனக்கும் தெரியும். காத்திருக்கும் கூடத்தில் என் பெயருக்குப் பின்னால் ‘அம்மா’ போட்டு உரக்கக் கூப்பிடும்போது எத்தனை தலைகள் திரும்பின என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பயந்து இரண்டு பரிசோதனைகளுக்கு நான் போகவில்லை. ஏழாம் மாதத்தில் ஒரு செவிலி மட்டும் மெதுவாக, “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு தேதியைக்கூட நான் தவறவிடவில்லை.

நீங்கள் எல்லாரும் சொல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் தேவைப்பட்ட தகவலே அந்தக் கையேட்டில் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை எடுத்து மாதவிடாய் நின்றிருந்தாலும் கரு தரிக்கலாம், அது கருத்தடை ஆகாது என்று முன்பே யாராவது எழுதித் தந்திருக்கலாம். கர்ப்பம் என்று தெரிந்தால் அந்த ஹார்மோனை எடுக்கக் கூடாது என்றும்தான். மார்பு அறுவை செய்தவர்களுக்கும் கொஞ்சம் சுரப்பித் திசு மிஞ்சியிருக்கும், பிரசவத்துக்குப் பின் அது வீங்கி வலிக்கலாம். எனக்கு மூன்றாம் நாள் அப்படி வலித்தபோது ஏதோ நோய் என்று நடுங்கிப்போனேன். ‘தாய்’ என்பதை ‘நபர்’ என்று ஆக்கியிருந்தாலும் அந்த இரவு எனக்கு ஒன்றும் மாறியிருக்காது.

வெண்புறா:
அரும்பு, அந்த மூன்றாம் நாள் விஷயம் எனக்கே தெரியாது. 19 வருடத்தில் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. நீங்கள் என் பிரிவுக்கு வந்திருந்தால் நானும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டிருப்பேன். எந்தப் பெண் வந்தாலும் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுகிறோம், அது யாரையும் வலிக்கவைக்கும் என்று நினைத்ததில்லை. இப்போது யோசித்தால், குழந்தைப்பேறு சிகிச்சைக்காக வருடக்கணக்கில் வந்துபோகும் பெண்களையும் அப்படியே கூப்பிட்டிருக்கிறேன்.

நீலாம்பல்:
இதை எழுத நேற்றிலிருந்து யோசித்தேன். 37-வது வாரத்தில் என் பையன் வயிற்றிலேயே இறந்துவிட்டான். பிரசவம் ஆன பிறகு என்னை எப்படி அழைப்பது என்று வார்டில் யாருக்கும் தெரியவில்லை, அதனால் யாரும் எதுவும் சொல்லி அழைக்கவில்லை. பால் சுரந்தது. கையில் கொடுத்த தாளில் ‘தாய்க்கு’ என்று தலைப்புப் போட்டு, பால் வற்ற என்ன செய்யலாம் என்று நான்கு வரி இருந்தது. உலகத்தில் என்னைத் தாய் என்று எழுதியிருந்தது அந்தத் தாள் ஒன்றுதான். இன்னும் வைத்திருக்கிறேன். அதில் ‘பிரசவித்தவர்’ என்று இருந்திருந்தால் அன்றே கிழித்துப் போட்டிருப்பேன்.

அரும்பு, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தச் சொல்லை நான் விடமாட்டேன்.

அரும்பு:
விட வேண்டாம் அக்கா. உங்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கி எனக்குத் தரச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சொல்தச்சன்:
வேலைக்கு உதவும் ஒன்றைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கும் சிக்கல் முழுவதும் நமக்கு இல்லை. அங்கே தாய்ப்பால் கொடுப்பதைக் குறிக்கும் சொல்லிலேயே பெண்ணின் மார்பகம் இருப்பதால், புதுச்சொல் தேடிப் போனார்கள். நமக்குப் ‘பாலூட்டுதல்’ இருக்கிறது, ‘மார்பு’ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ‘இருக்கிறார்’ என்றால் ஆணா பெண்ணா என்று வினைமுற்று காட்டிக்கொடுக்காது. ‘முழுகாமல் இருக்கிறார்’ என்று எத்தனை தலைமுறையாகச் சொல்கிறார்கள்! எல்லாவற்றுக்கும் மேலே ‘நீங்கள்’ இருக்கிறது. கையேடு ஒருவரிடம் நேராகப் பேசினால் பாதிச் சிக்கல் எழுதும்போதே தீர்ந்துவிடும்.

வேர்:
சுற்றி வளைத்து அந்தச் சொல்லை இல்லாமல் ஆக்குவதுதானே இது?

சொல்தச்சன்:
‘நீங்கள்’ என்று எழுதினால் யார் இல்லாமல் போகிறார்கள், சொல்லுங்கள்.

வெண்புறா:
நேற்றிரவு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன்.

“பிரசவத்துக்குப் பிறகு உங்களுக்கு இவற்றில் ஒன்று நடந்தாலும் தாமதிக்காமல் வாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால். 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால். தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால். ஆறு வாரம் வரைக்கும் இவற்றைக் கவனியுங்கள்.”

எழுதி முடித்துப் படித்தபோதுதான் கவனித்தேன், இதில் ‘தாய்’ இல்லை, ‘நபரும்’ இல்லை. யாருக்கும் புரியாமலும் போகாது. குழந்தையை இழந்தவர்களுக்கான பக்கத்தில் ‘தாய்க்கு’ என்ற தலைப்பு அப்படியே இருக்கும் நீலாம்பல், அதில் கை வைக்க யாரையும் விடமாட்டேன். திருநம்பிகளுக்கு ஒரு பக்கம் புதிதாகச் சேர்க்கிறேன். அரும்பு, மருத்துவரிடம் காட்டுவதற்கு முன்னால் நீங்கள் அதைப் படித்துத் தர வேண்டும். அட்டையில் மட்டும் ‘தாய்மார்களுக்கு’ என்றே வைத்திருக்கிறேன்.

அரும்பு:
கட்டாயம் படித்துத் தருகிறேன். ஆனால் அட்டை அப்படி இருந்தால், கூடத்தில் எல்லார் முன்னாலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. உள்ளே எனக்கென்று ஒரு பக்கம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

நீலாம்பல்:
‘தாய்மார்களுக்கும் பிள்ளை பெற்ற எல்லாருக்கும்’ என்று போட்டால்? எனக்கு இதில் உடன்பாடு. ‘தாய்’ முதலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேர்:
எனக்கு உடன்பாடு இல்லை. தாய்மார்கள் என்றால் பிள்ளை பெற்ற எல்லாரும்தான்.

வெண்புறா:
செவ்வாய்க்கிழமை கூட்டம். இரண்டு அட்டையையும் அச்செடுத்துக்கொண்டு போகிறேன். வார்டில் இருப்பவர்களிடமும் காட்டிக் கேட்கலாம் என்று சொல்லப்போகிறேன். அதோடு, பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் ‘எப்படி அழைக்கலாம்’ என்று ஒரு கட்டமும் கேட்பேன்.