பேரியாட்ரிக் சர்ஜரிக்குப் பிறகு: பசி அடங்கியிருந்த காலத்தில் என்ன பழகினோம்?

அரைத்தட்டு

எடையைக் குறைக்க இரைப்பையைச் சின்னதாக்கும் பேரியாட்ரிக் சர்ஜரியில் ஸ்லீவ் என்ற வகையைச் செய்துகொண்டு எனக்கு ஐந்து வருடம் தாண்டிவிட்டது. சர்ஜரிக்கு முன்னால் எனக்குக் கிடைத்த தகவல் எல்லாம் ஆபரேஷன் எப்படி நடக்கும், எத்தனை கிலோ குறையும் என்பது பற்றித்தான். வீட்டுக்கு வந்த பிறகு வருகிற சாதாரண நாள்களைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. சர்ஜரி செய்துகொண்ட நாம் அதை நமக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம் என்றுதான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன்.

ஸ்லீவில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த எடுத்துவிடும் பகுதியில்தான். அதனால் முதல் சில மாதம் எனக்குப் பசியே தெரியவில்லை. மணி பார்த்துச் சாப்பிட்டேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அடுத்த வேளைச் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது இங்கே இருப்பவர்களுக்குப் புரியும்.

பசி போயிற்று, சாப்பிடத் தோன்றுவது போகவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கை தானாக அலமாரிப் பக்கம் போகும். வயிறு கேட்காது, கைதான் கேட்கும். இதை டயட்டீஷியனிடம் சொன்னபோது அவர் சொன்ன பதில்: "இந்த ஒரு வருஷம் பசி உங்களைத் தொந்தரவு பண்ணாது. மாத்த வேண்டிய பழக்கத்தையெல்லாம் இப்பவே மாத்திடுங்க. பசி திரும்பி வரும். அது வர்றப்போ புதுப் பழக்கம் வேர் விட்டிருக்கணும்." எனக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

அன்றிலிருந்து மாலையில் வீட்டுக்கு வந்ததும் பையை மட்டும் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே நடக்கப் போய்விடுவேன். ஆரம்பத்தில் தெருமுனை வரைதான். திரும்பி வரும்போது அலமாரி ஞாபகமே இருக்காது.

சாப்பாட்டுக்குச் சின்ன ஸ்பூன். முதலில் புரோட்டீன்: முட்டையோ மீனோ பருப்போ. ஒரு வாய் எடுத்ததும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, கூழாகும்வரை மெல்லுவேன். நாலைந்து வாயிலேயே நெஞ்சுக்குக் கீழே ஓர் அழுத்தம் வரும். வயிறு நிறைந்ததற்கு அடையாளமாகச் சிலருக்கு மூக்கில் நீர் வடியும், சிலருக்கு ஏப்பம் வரும். எனக்கு விக்கல். விக்கல் வந்தால் அத்தோடு கை கழுவிவிடுவேன், தட்டில் எவ்வளவு மீதி இருந்தாலும் சரி. தண்ணீர் சாப்பாட்டோடு கிடையாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். ஆனால் நாள் முழுக்க மடக்கு மடக்காக ஒன்றரை லிட்டராவது குடித்தாக வேண்டும். எனக்குச் சாப்பாட்டைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது.

எத்தனை கிலோ குறைந்தது என்பதை விட்டுவிடுவோம். உங்களுக்கு என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.

காலைநடை

அக்கா, எனக்கு மூக்கு வடியும். ஜலதோஷம்னு நினைச்சு ரொம்ப நாள் ஆவி பிடிச்சுட்டு இருந்தேன்!

எனக்குச் செஞ்சது இரைப்பை பைபாஸ். இரைப்பையோட மேல்பக்கத்துல 30 மில்லி பிடிக்கிற மாதிரி ஒரு சின்னப் பை மட்டும் விட்டு, அதை நேரா சிறுகுடலோட இணைச்சிருக்காங்க. இனிப்பா எதுவும் உள்ளே போனா அங்கே தங்காது, மொத்தமா குடல்ல இறங்கிடும். டம்பிங்னு சொல்றது இதைத்தான்.

ஆபீஸ் மீட்டிங்ல எல்லாருக்கும் ஜூஸ் கொடுத்தாங்க. சர்க்கரை போடாத பழச்சாறுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. குடிச்சு கால் மணி நேரம்கூட ஆகல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, சட்டை நனையற அளவுக்கு வியர்வை, வயிறு முறுக்குது, எங்கேயாவது படுத்தா போதும்னு ஆயிடுச்சு. மாரடைப்புன்னு பயந்து பக்கத்துல இருந்தவர் ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுட்டார். கொஞ்ச நேரம் படுத்ததும் அடங்கிடுச்சு. சர்க்கரை தனியா போடலைன்னாலும் பழத்தோட சர்க்கரையே போதும், சாறா பிழிஞ்சிட்டா அது இன்னும் வேகமா இறங்குதுன்னு அப்புறம் சர்ஜன் விளக்கினார்.

இதுல இன்னொரு வகை இருக்கு. அதைப் பத்திப் பேசறவங்க கம்மி. சாப்பிட்டு ஒண்ணுலேர்ந்து மூணு மணி நேரம் கழிச்சு வரும். குடல்ல சர்க்கரை மொத்தமா இறங்கினதும் உடம்பு இன்சுலினை அள்ளி விட்டுடும், அதுல ரத்தச் சர்க்கரை சட்டுனு இறங்கிடும். வண்டி ஓட்டிட்டு இருக்கறப்போ எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சு, எதிர்ல வர்ற வண்டி மங்கலா தெரிஞ்சுது. ஓரமா நிறுத்திட்டேன். டாக்டர் குளுக்கோமீட்டர் வாங்கி, அந்த மாதிரி வர்ற நேரத்துல அளந்து எழுதிட்டு வரச் சொன்னார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் என்ன நடக்குதுன்னு உறுதியாச்சு. மாவுச்சத்தைத் தனியா சாப்பிடாம புரோட்டீனோட சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுச் சாப்பிட ஆரம்பிச்ச பிறகு வர்றதில்லை.

டம்பிங் எல்லாருக்கும் வராது. ஆனா நெஞ்சு வலியே வந்தா, டம்பிங்தான்னு நீங்களா முடிவு பண்ணி வீட்டுல படுத்துடாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துடுங்க.

நீலக்குடை

நான் மாத்திரை விஷயம் எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஆட்கள் அசட்டையாக இருக்கிறார்கள் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பல் பிடுங்கப் போனேன். பல் டாக்டர் டைக்ளோஃபினாக் எழுதினார். பைபாஸ் ஆகியிருக்கிறது என்றேன். "அது வயிறு சம்பந்தப்பட்டதுதானே, பல்லுக்கும் அதுக்கும் என்ன?" என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் துறை வேறு. அங்கேயே உட்கார்ந்து சர்ஜன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேச வைத்தேன். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் பைபாஸ் இணைப்புப் போட்ட இடத்தில் புண்ணை உண்டாக்கி, ரத்தக் கசிவு வரைக்கும் கொண்டுபோகும். பாராசிட்டமாலாக மாற்றிக் கொடுத்தார். இப்போது என் பர்ஸில் ஒரு சின்ன அட்டை இருக்கிறது: என்ன சர்ஜரி, எந்த வருடம், எந்த மாத்திரை கூடாது, யாருக்குப் போன் செய்ய வேண்டும். மயங்கி விழுந்தாலும் எடுத்துப் பார்ப்பவருக்குத் தெரியும்.

சத்து மாத்திரை ஆயுளுக்கும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்று இன்னொன்றை உடம்பில் சேரவிடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்திலும் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். கார்பனேட் வகை உடம்பில் சேர வயிற்று அமிலம் தேவை, நமக்கு அது குறைவு. நான் காலையில் இரும்பு, மதியமும் இரவும் கால்சியம் என்று வைத்திருக்கிறேன்.

என்னோடு அதே வாரத்தில் சர்ஜரி செய்துகொண்ட ஒரு அம்மா, உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். ஒரு வருடம் ஒன்றும் ஆகவில்லை. பி12 வைட்டமின் உடம்பில் சேமிப்பாக இருக்கும், தீர நாளாகும் என்பதால் குறைவது வெளியே தெரியாது. பிறகு பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. செருப்பு நழுவிப் போனதுகூடத் தெரியாமல் வாசல் வரை வெறுங்காலோடு நடந்து வந்ததைப் பார்த்து அவர் மகள் பயந்துபோய்க் கூட்டிப்போனாள். ஊசி போட்டுத் தேறினார், ஆனால் நுனி விரல்களில் இன்னும் உணர்ச்சி சரியாக இல்லை. நன்றாக இருக்கிறோம் என்று தோன்றுகிற வருடத்திலும் பிளட் டெஸ்ட்டுக்குப் போங்கள்.

இன்னொன்று: இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி எடுத்தால் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் வற்றுவது மட்டும் இல்லை, தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்து மூளையையே பாதிக்கும். அன்றைக்கே போங்கள், சர்ஜரி ஆன விவரத்தை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

துணைக்குவந்தவன்

சர்ஜரி என் மனைவிக்கு. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். சர்ஜரி ஆன சில நாளிலேயே அளவைக் குறைக்க வேண்டிவந்தது. டாக்டர் அளந்து பார்த்துக் குறைத்தார், நாங்களாக எதையும் நிறுத்தவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் நான்காவது மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் சுருண்டு வரும் முடியை எனக்குத் தெரியாமல் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுவார். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால் மூன்று நான்கு மாதம் கழித்து முடி இப்படிக் கொட்டும், வேர் சாகாது, திரும்ப வளரும் என்று டயட்டீஷியன் சொன்னார். புரோட்டீன் ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். வளர்ந்தது. ஆனால் அந்த மாதங்களில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன இப்படி நோயாளி மாதிரி ஆயிட்டே" என்று கேட்டதை அவர் இன்னும் மறக்கவில்லை. வீட்டில் யாருக்காவது சர்ஜரி நடந்திருந்தால், உறவினர் முன்னால் பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். "சாப்பிட்டது போதும்னு அவங்களுக்குத் தெரியும்" என்று நான் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை.

மறுபடியும்

மூன்றாவது வருடத்துக்குப் பிறகு எனக்கு எடை ஏறியது. இதை எழுதவே எனக்கு நாளாயிற்று.

முதலில் போன இடத்தில் எடை மெஷினில் ஏறச் சொல்லி, எண்ணைப் பார்த்ததும் "இவ்ளோ பணம் செலவு பண்ணிட்டு இப்படியா?" என்றார்கள். எல்லார் முன்னாலும். அத்தோடு ஃபாலோ-அப் போவதை நிறுத்திவிட்டேன். மெஷினில் ஏற வேண்டுமே என்கிற பயத்திலேயே எத்தனை பேர் டாக்டரைப் பார்ப்பதை விட்டிருப்பார்கள்!

வேறு ஒரு டயட்டீஷியனிடம் என் தங்கை இழுத்துக்கொண்டு போனாள். அவர் எடை கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். புதிதாக என்ன மாத்திரை சேர்ந்திருக்கிறது, எதைச் சாப்பிட்டால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது, எதைச் சாப்பிட்டால் நிறையவே மாட்டேன் என்கிறது என்று கேட்டார். கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருந்தது. கறியோ முட்டையோ என்றால் எனக்கு நாலு வாய்க்கு மேல் இறங்காது. மொறுமொறுப்பான தின்பண்டமும் பிஸ்கட்டும் வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும், பை நிறைவதே இல்லை. இந்த வகை உணவு எந்த சர்ஜரியையும் தாண்டிப் போய்விடும் என்றார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் என்னைத் தூக்கி நிறுத்தியது. முதல் ஒன்று, இரண்டு வருடத்தில் எடை அதன் அடிமட்டத்தைத் தொடும், அதன் பிறகு ஓரளவு ஏறுவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிப் பல வருடம் தொடர்ந்து நடத்திய ஆய்விலும் அப்படித்தான் ஏறியிருக்கிறது. அப்படி ஏறியும், சர்ஜரி செய்துகொண்டவர்களிடையே மரணம் செய்துகொள்ளாதவர்களைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது. அதாவது ஏறிய கொஞ்சம் எடை, கிடைத்த நன்மையை அழித்துவிடவில்லை. இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், இடைவேளைக் கொறிப்பு இல்லை, வாரத்தில் சில நாள் டம்பெல் தூக்குகிறேன். எடை ஏறியிருக்கிறது என்பதற்காக ஒதுங்கியிருப்பவர்கள் இருந்தால், திட்டாத டாக்டரைத் தேடிப் போங்கள். இருக்கிறார்கள்.

பெயர்வேண்டாம்

மதுவைப் பற்றி யாரும் எழுதவில்லை. பைபாஸுக்குப் பிறகு ரத்தத்தில் அது வேகமாக ஏறுகிறது, நீண்ட நேரம் நிற்கிறது. என் நண்பர் ஒருவருக்குச் சாப்பாடு காலி செய்த இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பு குடிப்பழக்கமே இல்லாதவர். சிகிச்சை எடுத்து இப்போது நன்றாக இருக்கிறார். கவலையைச் சாப்பாட்டில் கரைத்தவர்கள் நாம் என்றால், அந்தக் கவலைக்கு ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பது சர்ஜரியின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

புதியவள்

எனக்கு அடுத்த மாதம் ஸ்லீவ். எல்லாவற்றையும் படித்தேன். அம்மா ரொம்பப் பயப்படுகிறார். குழந்தைக்காகவும் காத்திருக்கிறோம். அதற்கு எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்? இப்போதிலிருந்தே என்ன செய்யலாம்?

நீலக்குடை

12 முதல் 18 மாதம் பொறுக்கச் சொல்வார்கள் தங்கச்சி, எடை வேகமாக இறங்கும் காலத்தில் கரு தங்கினால் குழந்தைக்குச் சத்து போதாது. எடை இறங்கும்போது மாதவிடாய் சீராகி எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் கருத்தரிக்கலாம், அதனால் அதுவரை என்ன தடுப்பு முறை என்பதை இப்போதே டாக்டரிடம் கேளுங்கள். பிறகு கர்ப்பமானதும் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து எடுக்கும் டெஸ்ட் நம்மில் பலருக்கு டம்பிங்கைக் கொண்டுவரும். வீட்டில் குளுக்கோமீட்டரில் அளப்பது போன்ற மாற்று வழி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அரைத்தட்டு

இந்த ஒரு மாதத்தில் இரண்டு காரியம் பழகுங்கள் அம்மா: ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுவது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சர்ஜரிக்குப் பிறகு புதிதாகக் கற்றுக்கொள்வதைவிட இப்போது சுலபம். உங்களுக்கு நெஞ்செரிச்சல் உண்டா? இருந்தால் சர்ஜனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஸ்லீவுக்குப் பிறகு அது கூடலாம், சிலருக்கு பைபாஸ் பொருத்தமாக இருக்கும்.

அடுத்த முறை டயட்டீஷியனைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். முதலில் தெளிந்த திரவம், பிறகு கூழ், பிறகு மிருதுவான உணவு என்று சில வாரம் படிப்படியாகப் போகும். மகள் அரை கிண்ணம்கூடச் சாப்பிடவில்லையே என்று எந்த அம்மாவுக்கும் அடித்துக்கொள்ளும். அந்த அளவுதான் சரி என்பதை டயட்டீஷியன் வாயால் அவர் கேட்கட்டும். கேட்க வேண்டியதையெல்லாம் அவரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும்.