வெளிநாட்டுக் கிராமங்களில் தன்னார்வலராகப் போய்ப் படமெடுத்தவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

நானே ஆரம்பிக்கிறேன்.

தான்சானியாவில் டொடோமாவுக்கு வெளியே ஒரு கிராமப் பள்ளியில் பதினோரு மாதம் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். கையில் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், 50 மிமீ லென்ஸ். ஸ்வாஹிலியில் படத்தை எடுப்பதில்லை, அடிக்கிறார்கள். ‘குபிகா பிச்சா’ என்பார்கள். ‘பிகா’ என்றால் அடி. போன் செய்வதும் அங்கே அடிப்பதுதான். முதல் இரண்டு மாதம் நான் செய்ததும் அப்பட்டமாக அதுவேதான். கண்ணில் பட்டதையெல்லாம் அடித்தேன்.

பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பாட்டி வீடு. பாட்டியை அங்கே ‘பீபி’ என்பார்கள். பெரியவர்களைப் பார்த்தால் ‘ஷிகாமோ’ சொல்ல வேண்டும், அவர்கள் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் மற்ற பேச்சு. ஒருநாள் சாயங்காலம் பீபி முற்றத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். எதிர்வெயில், உமி பறக்கிறது, முறத்தின் விளிம்பில் ஒரு பொன்கோடு. ஷிகாமோவாவது மண்ணாவது! வேலி ஓரமாக நின்று மூன்று அடி அடித்துவிட்டேன்.

பார்த்துவிட்டார். திட்டவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவர் அரை மணி நேரம் வரவில்லை. கிளம்பலாமா என்று யோசிக்கும்போது பேரன் ஒரு நாற்காலியோடு வந்தான். பின்னாலேயே பீபி, மொடமொடப்பு போகாத புதுக் காங்கா (அங்கே பெண்கள் சுற்றிக்கொள்ளும் அச்சுத் துணி), கால்களில் துடைத்த செருப்பு. இன்னொரு காங்காவை மடியில் விரித்துப் போட்டு, மெனக்கெட்டு இழுத்துச் சரிசெய்து, சிரிக்காமல், பாஸ்போர்ட் அலுவலகத்தில் உட்கார்ந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் என்ன செய்தேன்? கிட்டே போய் f/1.8 வைத்து முகத்தை மட்டும் எடுத்தேன். சுருக்கம், கண், பின்னால் எல்லாம் கலங்கல். உலகத்தரம் என்று நினைப்பு.

இரண்டு வாரம் கழித்து டொடோமா போனபோது பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தேன். சோளம் புடைக்கிற படம் பெரியதாக, மற்றது சின்னதாக. பெரியதைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இது வேலை செய்யும் துணி. இதை யார் சுவரில் மாட்டுவார்கள்?” சின்னதை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “எழுத்து எங்கே?”

காங்காவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் கரை, நடுவில் ஒரு கட்டம், அதன் கீழே ஒரு வரி அச்சிட்டிருக்கும். பழமொழி, வாழ்த்து, சாடை, எதுவாகவும் இருக்கலாம். வாயால் சொல்ல முடியாததைப் பெண்கள் துணியால் சொல்லிவிடுவார்கள். பீபி மடியில் அவ்வளவு நேரம் இழுத்துச் சரிசெய்தது அந்த வரி முன்னால் விழுவதற்காக. நான் அதை வெட்டி எறிந்திருந்தேன். செருப்பையும்.

மறுபடி எடுத்தேன், தலை முதல் செருப்பு வரை. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரை எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: எதெல்லாம் தெரியணும்?

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். பெருமைப்பட்ட கதையை விட, மூக்குடைபட்ட கதைகள் வந்தால் சந்தோஷம்.

*

மூக்குடைபட்ட கதைதானே, இந்தாருங்கள்.

நேபாளம், சிந்துபால்சோக் மாவட்டம், 2016 ஏப்ரல். நிலநடுக்கம் நடந்து கிட்டத்தட்ட ஒரு வருடம். இடிந்த பள்ளிக்கூடத்தின் சுவரை எழுப்புகிற வேலைக்குப் போயிருந்தேன். கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய கட்டடம், உட்கார்ந்துவிட்டது. 2015 ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமை, அங்கே வார விடுமுறை. நண்பகலுக்குச் சற்று முன்னால் 7.8 அளவில் ஆடியபோது வகுப்பறைகளில் யாரும் இல்லை. எங்களோடு கல் சுமந்த வாத்தியார் அந்தக் கிழமையைத் தினமும் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

ஊரில் பாதிப் பேர் தகரக் கொட்டகையில்தான் இருந்தார்கள். ஓய்வு நேரத்தில் வீடு வீடாகப் போய், இடிபாட்டின் முன்னால் குடும்பத்தை நிறுத்தி எடுத்தேன். யாருமே மறுக்கவில்லை. “என்ன அருமையான மக்கள்” என்று டைரியில் எழுதினேன், வெட்கமாக இருக்கிறது. ஒரு தாத்தாவும் பாட்டியும் கையில் ஏதோ பிடித்தபடி நின்றார்கள். ராத்திரி லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தால், தாத்தா கையில் குடியுரிமை அட்டை, பாட்டி கையில் ‘லால்புர்ஜா’ என்கிற நிலப்பத்திரம்.

அந்த மாதங்களில் கணக்கெடுப்பாளர்கள் டேப்லெட்டோடு மலையேறி, இடிந்த வீடுகளைப் படமெடுத்துப் பதிந்துகொண்டிருந்தார்கள். வீடு கட்ட அரசு தரும் உதவித்தொகை அந்தப் பதிவை வைத்துத்தான். அந்தத் தொகை பிறகு 3 லட்சம் நேபாள ரூபாய் ஆனது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் என்று நினைத்துத்தான் எல்லோரும் நின்றிருக்கிறார்கள். ஒருவர் “நம்பர் எப்போது வரும்?” என்று கேட்டபோது, மொழி புரியாமல் சிரித்துத் தலையாட்டியிருக்கிறேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் போகிறது.

மறுநாள் வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி, நான் அரசாங்க ஆள் இல்லை, இந்தப் படத்தால் ஒரு பைசா வராது என்று சொல்லச் சொன்னேன். சிலருக்கு முகம் விழுந்துவிட்டது. ஒருவர் அழிக்கச் சொன்னார், அங்கேயே அழித்தேன். பத்திரம் பிடித்து நின்ற தாத்தா மட்டும் வேறு மாதிரி பேசினார்: “பரவாயில்லை, நீயும் வைத்துக்கொள். நாளைக்கு அவன் டப்பாவில் இல்லை என்றால், உன் டப்பாவில் இருக்கும்.”

இருக்கிறது ஐயா. இரண்டு ஹார்ட் டிஸ்கில்.

*

எத்தியோப்பியா, ஓமோ பள்ளத்தாக்கு. ஜின்காவில் ஒரு கண் மருத்துவ முகாமில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாகோ தேசியப் பூங்கா வழியாக முர்சி பழங்குடியினரின் கிராமத்துக்குப் போனோம். அங்கே கட்டணம் ஒரு படத்துக்கு இவ்வளவு என்றுதான். ஷட்டர் சத்தத்தை எண்ணுகிறார்கள்! என் கேமரா தொடர் க்ளிக்கில் இருந்தது, மறந்துவிட்டேன். ஒரு தடவை அழுத்தினேன், ஏழு தடவை கத்தியது. அந்தப் பெண்மணி ஏழு விரல் காட்டினார். நான் ஒன்று காட்டினேன். பிறகு ஏழுக்குக் கொடுத்தேன்.

பயணக்காரர்கள் கார் வந்தால் அவர்கள் கூடுதலாகப் பூச்சும் கொம்பும் பழமும் தலையில் வைத்துக்கொள்கிறார்கள், பெண்கள் கீழுதட்டில் செருகும் தட்டைக்கூட எந்நேரமும் போடுவதில்லை. இதைச் சொல்லி “எல்லாம் நடிப்பு, வியாபாரமாகிவிட்டது” என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கென்னவோ நான் எடுத்த படங்களிலேயே அதுதான் சுத்தமான கணக்கு. சத்தமில்லாத ஷட்டரைப் பெருமையாகச் சொல்லும் நண்பர்களே, அங்கே அதற்கு வேறு பெயர் உண்டு.

*

குழந்தைகளைப் படமெடுப்பது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பாரமான விஷயம்.

குவாதமாலாவின் மேற்கு மலைப்பகுதியில், மாயா பெண்களின் நெசவுக் குழு ஒன்றில் ஆறு மாதம் கணக்கு எழுதிக்கொடுத்தேன். முதல் நாளே குழுத்தலைவி சொன்ன ஒரே விதி: துணியை எடு, தறியை எடு, எங்களைக் கேட்டு எடு, குழந்தையை எடுக்காதே, தூக்காதே, மிட்டாயும் கொடுக்காதே. எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைப் பார்த்தால் பிள்ளை பிடிக்கிறவள் மாதிரியா இருக்கிறது?

காரணம் பிறகு தெரிந்தது. அதே மலைப்பகுதியில் தோதோஸ் சாந்தோஸ் குச்சுமதான் என்ற ஊர், மாம் மொழி பேசுகிறவர்கள். 2000 ஏப்ரல் 29, சனிக்கிழமைச் சந்தை. அன்னியர்கள் குழந்தை கடத்த வருகிறார்கள் என்று ஏற்கெனவே வதந்தி. பேருந்தில் வந்திறங்கிய ஜப்பானியப் பயணிகள் சந்தையில் படமெடுக்கப்போக, கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒரு பயணியையும் பேருந்து ஓட்டுநரையும் அடித்தே கொன்றார்கள். அந்தப் பயம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. அந்த நாட்டிலிருந்து வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் குழந்தைகள் வெளிநாட்டுத் தத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதில் பணமும் மோசடியும் புகுந்து நாறி, 2007 கடைசியில்தான் சட்டத்தை மாற்றினார்கள்.

ஐந்தாவது மாதம் தலைவி தன் பேத்தியைக் கூட்டிவந்து, “இவளை எடு, நான் பக்கத்தில் நிற்கிறேன்” என்றார். எடுத்தேன். நீங்கள் இணையத்தில் தேடினாலும் கிடைக்காது.

*

எடுத்த உடனே படத்தைத் தாளில் தரும் இன்ஸ்டாக்ஸ் கேமராவைக் கொண்டுபோகலாமா என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கொண்டுபோங்கள், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வேண்டாம். மலாவியில் ஆரம்பப்பள்ளி ஒன்றில் என் வகுப்பில் நூறு பேருக்கு மேல். என்னிடம் இரண்டு பாக்கெட், ஒன்றில் பத்து தாள். கணக்கு எனக்கே தெரிந்திருக்க வேண்டும், இல்லையா? வெள்ளைத் தாளில் உருவம் மெல்ல மெல்ல வருவதைப் பார்த்த முதல் பையன் போட்ட கூச்சலில் மற்ற வகுப்புகளும் ஓடிவந்துவிட்டன. இருபதாவது தாளுக்குப் பிறகு நடந்தது தள்ளுமுள்ளு. ஒரு சின்னப் பெண் கையில் இருந்த படத்தைப் பிடுங்கி இரண்டாக மடித்துவிட்டார்கள். தலைமையாசிரியர் மணியடித்து விரட்டினார், என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் வகுப்பு வாரியாக மரத்தடியில் நிறுத்தி எடுத்து, நகரத்தில் பிரிண்ட் போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டினோம். மூன்று மாதம் போய் அந்த இடத்தில் சுவரே கறுத்துவிட்டது, ஆளாளுக்கு விரல் வைத்துத் தன் முகத்தைக் காட்டிக் காட்டி.

ஒரு தொழில் குறிப்பும். கேமராவின் ஒளி அளவுமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் பளிச்சென்ற வானம் இருந்தால் கறுத்த முகங்கள் நிழலுருவமாகிவிடும். முகத்தை வைத்து அளவெடுங்கள், மர நிழலின் விளிம்பில் நிறுத்துங்கள். குற்றம் முகத்தில் இல்லை. அந்தக் காலத்தில் பிரிண்டில் நிறம் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி’ அட்டையில் பல வருடம் வெள்ளைக்காரப் பெண் மட்டும்தான். அவள் தோலுக்குச் சரியாக வந்தால் எல்லாருக்கும் சரி என்று பிரிண்ட் போட்டார்கள்.

*

நான் எடுத்த படம் என்னை விட்டுப் போன கதை.

கம்போடியா, சியெம் ரியெப் மாகாணத்தில் ஒரு கிராமம். ஒரு அம்மாவும் எட்டு வயது மகளும் குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறார்கள். இருவரையும் கேட்டுத்தான் எடுத்தேன், நன்றாக வந்தது. அவர்கள் வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது, அதுவரை எல்லாம் சரி. கிளம்பும்போது அத்தனை படங்களையும் என்னை அனுப்பிய அமைப்பிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அப்படித்தான் ஒப்பந்தம். கையெழுத்துப் போடும்போது யார் படிக்கிறார்கள்?

அந்த வருடக் கடைசியில் நன்கொடை கேட்டு ஒரு மின்னஞ்சல். மேலே அந்தச் சிறுமி, தனியாக. கீழே “இவளுக்கு யாருமில்லை” என்கிற பாணியில் இரண்டு வரி. அம்மாவை வெட்டிவிட்டார்கள், முழுதாக இல்லை. இடது ஓரத்தில் முழங்கையும் குடத்தின் விளிம்பும் மிச்சம். தெரிந்தவர் கண்ணுக்கு அந்த முழங்கை மட்டும்தான் தெரியும்.

எழுதிக் கேட்டேன். “பொதுவான சித்தரிப்பு, குறிப்பிட்ட நபரைச் சொல்லவில்லை” என்று பதில். மூன்று கடிதத்துக்குப் பிறகு எடுத்தார்கள், மன்னிப்பெல்லாம் இல்லை. நார்வே மாணவர் அமைப்பான ‘சாய்’ (SAIH) நடத்திய ‘ரேடி எய்ட்’ பிரசாரம் ஞாபகம் இருக்கிறதா? 2012-இல், குளிரில் நடுங்கும் நார்வேக்காரர்களுக்கு ஆப்பிரிக்கர்கள் ஹீட்டர் நன்கொடை அனுப்புவதாகக் கிண்டலாக ஒரு வீடியோ போட்டார்களே, அவர்கள்தான். 2017-இல் தன்னார்வலர்களுக்கென்று ஒரு வழிகாட்டியும் வெளியிட்டார்கள். சம்மதம் கேள், உன் நோக்கத்தைக் கேள் என்பதெல்லாம் அதில் உண்டு. நான் அதற்குக் கீழே பேனாவில் சேர்த்துக்கொண்டது: படத்துக்கு மட்டுமில்லை, அடியில் எழுதப்போகும் வரிக்கும் சம்மதம் வாங்கு.

அந்த அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? மேலே எழுதிய நேபாளக்காரர் மலையேறிப் போய்ச் சொன்னாரே, அதைப் படித்ததிலிருந்து உறுத்துகிறது.

*

கடைசியாக எழுதிய தோழிக்கு: சொல்லுங்கள். போன் நம்பர் இருந்தால் இன்றைக்கே.

எல்லாரும் கேட்டதால், பீபியின் துணியில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு வருகிறேன். ‘ம்தானியயே ந்தியே கும்பே சியே.’ நீ யாரென்று நினைத்தாயோ அவள் இல்லை என்கிற அர்த்தம். யாரைப் பற்றி என்று எனக்கு விளங்கவில்லை, பேரனுக்கு விளங்கியிருந்தது, சொல்ல மறுத்துவிட்டான்.

புதுப் பிரிண்ட் பீபியின் வாசல் பக்கச் சுவரில் ஏறியது, தெருவில் போகிறவர் எல்லாம் வாசிக்கிற உயரத்தில். பத்து நாள் இருக்கும். எதிர்வீட்டு அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். போனேன், ஷிகாமோ சொன்னேன். நாற்காலி ஏற்கெனவே முற்றத்தில் இருந்தது. கடைக்காரர் கட்டிய நூல் பிரியாத புதுக் காங்கா ஜோடியை என் கண்ணெதிரே பிரித்து, ஒன்றை மடியில் விரித்து, எழுத்தை இழுத்துச் சரிசெய்தார்.

“அவள் படத்தை விடப் பெரிதாகப் போடு” என்றார். “செருப்பு வேண்டாம். எழுத்து தெரிந்தால் போதும்.”