ஆக்ஸ்போர்ட் காலேஜ்ல தங்க முலாம் பூசின வெள்ளிச் சாமான் எதுக்கு?

நாரோயில்காரி:
எங்க அண்ணன் மவன் ஆக்ஸ்போர்ட்ல கார்பஸ் கிறிஸ்டி காலேஜ்ல படிக்கான். 1517ல தொடங்குன காலேஜ், அதத் தொடங்குன பிஷப் ரிச்சர்ட் ஃபாக்ஸோட செங்கோலு, நம்ம கோட்டாறு ஆயர் பிடிப்பாருல்லா அந்த மாதிரி, தங்க முலாம் பூசுன வெள்ளி, அது இன்னும் அவங்கட்ட இருக்காம். மத்த காலேஜ்ல அவ்வளவு பழசு நெறைய கெடையாதுன்னும் சொல்லுதான். ஏன் அப்படி? பொறவு படிக்க எடத்துக்கு வெள்ளிப் பாத்திரம் எதுக்கு, முலாம்னா நம்ம கவரிங்தானா?

தக்கலை வாத்தி:
மத்ததெல்லாம் உருகிப் போச்சு மக்கா. ராஜா முதலாம் சார்லசுக்கும் பார்லிமெண்டுக்கும் 1642ல சண்டை வந்து ராஜா ஆக்ஸ்போர்டுலயே வந்து உக்காந்துட்டாரு, பட்டாளத்துக்கு சம்பளம் குடுக்கணும் கையில காசில்ல, 1643 ஜனவரில காலேஜுகளுக்கு லெட்டர் போட்டு வெள்ளிய கடனா கேட்டாரு, வெறும் வெள்ளின்னா அவுன்சுக்கு 5 ஷில்லிங், முலாம் பூசுனதுன்னா 5 ஷில்லிங் 6 பென்ஸ்னு ரேட்டும் போட்டு! நியூ இன் ஹால்ல வச்சு உருக்கி நாணயமா அடிச்சாச்சு. கடன் எங்க திரும்பி வர?
சாமான் எப்படி சேந்துதுன்னா, பணக்கார வீட்டுப் பையன் சேரும்போது காலேஜுக்கு வெள்ளில ஒரு கப்போ குவளையோ குடுக்கணும்னு வழக்கம். நம்ம ஆளுக நகைய வச்சிருக்க மாதிரிதான், முடை வந்தா உருக்கிக்கிடலாம்.

வடசேரி ஆசாரி:
கவரிங்னு சொல்லாதீங்க அக்கா, கவரிங்ல உள்ள செம்பு. இதுல உள்ள இருக்கது ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரம் பங்குல 925 பங்கு சுத்த வெள்ளி. அப்பம் கரண்டு முலாம் ஏது, தங்கத்த பாதரசத்துல குழைச்சு வெள்ளி மேல தேச்சு தீயில காட்டுவாங்க, பாதரசம் ஆவியாப் போவும் தங்கம் பிடிச்சுக்கிடும், பொறவு வழவழன்னு கல்லு வச்சு தேச்சு பளபளப்பு ஏத்தணும். அந்தப் புகைய மோந்து மோந்து வேலைக்காரனுக்கு கை நடுங்கும் பல்லு ஆடும், பாவம். எங்க கோயில் நகையும் வெள்ளிலதான், செவப்புக் கல்லு பதிச்சு மேல தங்க ரேக்கு அமுக்குவோம், அதுக்குப் பாதரசம் வேண்டாம்.
இன்னொண்ணு, முலாம் வெறும் பகட்டுக்கு மட்டும் இல்ல. உப்பு வெள்ளிய அரிச்சிரும், அதான் உப்புக் கிண்ணத்துக்கு உள்பக்கம் தங்கம் பூசுவாங்க.

நாரோயில்காரி:
ரொம்ப தேங்க்ஸ் அண்ணாச்சி. எங்க அம்மாட்டயும் முலாம் பூசுன வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒண்ணு இருக்கு, கறுத்துக் கெடக்கு.

வடசேரி ஆசாரி:
விபூதியோ பல்பொடியோ போட்டு தேச்சிராதீங்க, முலாம் போயி வெள்ளி பல்லிளிக்கும். எளஞ்சூடு தண்ணில கொஞ்சம் சோப்பு, மெத்துன்னு ஒரு துணி, அது போதும்.