பெய்ஜிங்கில் அழுத ச்வே மின்-ஹோ: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சோலிலிருந்து:

நேற்று ராத்திரி என் பையன் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "அப்பா, இவர் ஜெயிச்சாரா தோத்தாரா?" என்று கேட்டான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக், ஆண்கள் 60 கிலோ ஜூடோ இறுதிப்போட்டி. உட்கார்ந்து அழுகிறவர் ஜெயித்தவர், கொரியாவின் ச்வே மின்-ஹோ. வந்து கட்டிப்பிடித்துத் தூக்கிவிடுகிறவர் தோற்றவர், ஆஸ்திரியாவின் லுட்விக் பைஷர். பையன் குழம்பியதில் தப்பே இல்லை.

(ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் 'சோய்' என்போம். இங்கே வாயில் வருவது 'ச்வே'.)

அதை நான் நேரலையில் பார்த்தவன். ஆகஸ்ட் 9, சனிக்கிழமை சாயங்காலம். கொரியாவுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆபீசுக்குப் பின்னால் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை, மூலையில் டிவி. கடைக்கார அம்மா ஒரு கையில் இடுக்கியும் மறு கையில் கத்திரிக்கோலுமாக எங்கள் மேஜையில் பன்றிக்கறியை நறுக்கிக்கொண்டிருந்தார். போட்டி ஆரம்பித்ததும் கத்திரிக்கோல் அந்தரத்தில் நின்றுவிட்டது. அடுப்பில் கறி கருகுகிறது, எவருக்கும் கவலையில்லை. 2 நிமிடம் 14 விநாடி. பைஷரின் காலைப் பிடித்துத் தூக்கி முதுகு பட மெத்தையில் போட்டார். கடையே "ஹன்பன்!" என்று அலறியது. ஜப்பானியர் 'இப்போன்' (ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும் முழுப்புள்ளி) என்பதற்குக் கொரியர் வைத்திருக்கும் சொல் அது. அந்த ஒரு வீச்சோடு ஆட்டம் முடிந்தது.

அப்புறம் அவர் அழ ஆரம்பித்தார். அந்த அம்மாவும் அழுதார். மேடையில் பதக்கம் வாங்கும்போதும் அவர் நிறுத்தவில்லை, இவரும் நிறுத்தவில்லை. கருகிய கறியை எடுத்துப்போட்டு புதுத் தட்டு வைத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. அந்த ஒலிம்பிக்கில் கொரியாவுக்கு அது முதல் தங்கம் என்பதும், அன்று ஆடிய ஐந்து ஆட்டத்தையும் ஹன்பனிலேயே முடித்திருந்தார் என்பதும் மறுநாள்தான் எனக்குத் தெரியும்.

ஏன் அப்படி அழுதார் என்று பையனுக்கு என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. இங்கே ஜூடோ தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். அவரை எங்காவது பார்த்தவர்கள், அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

யொங்இன்னிலிருந்து:

அண்ணே, அந்த அழுகைக்கு நாலு வருஷம் வயசு. ஏதென்சில் ஆரம்பித்தது அது.

நான் யொங்இன்னில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தவன். ஊரில் பாதிப் பேச்சு ஜூடோதான், ஏனென்றால் யொங்இன் பல்கலைக்கழகம் கொரிய ஜூடோவின் நாற்றங்கால். ச்வேயும் அங்கே படித்தவர். ஒலிம்பிக் வந்தால் என் அறைத்தோழனும் (அவன் சின்ன வயதில் ஜூடோ ஆடியவன்) நானும் தூங்கமாட்டோம்.

2003இல் ஒசாகா உலகப்போட்டியில் கொரிய ஆண்கள் மூன்று தங்கம் எடுத்தார்கள். 60 கிலோவில் ச்வே, 73 கிலோவில் லீ வொன்-ஹீ, 90 கிலோவில் ஹ்வாங் ஹீ-தே. ஜப்பான் மண்ணிலேயே எடுத்தது. அதனால் 2004 ஏதென்சுக்கு ச்வே உலக சாம்பியனாகப் போனார். அறைத்தோழன் தங்கம் உறுதி என்றே சொல்லிக்கொண்டிருந்தான். காலிறுதியில் மங்கோலிய வீரரோடு ஆடும்போது காலில் தசைப்பிடிப்பு. ஆட்டம் கையை விட்டுப் போனது. பிறகு மீண்டு வந்து வெண்கலம் எடுத்தார். 60 கிலோ தங்கம் ஜப்பானின் நொமுராவுக்கு, அவருக்கு அது தொடர்ந்து மூன்றாவது.

இரண்டு நாள் கழித்து லீ வொன்-ஹீ 73 கிலோவில் தங்கம் எடுத்தார். அவ்வளவுதான், ஊர் முழுக்க லீ வொன்-ஹீ முகம். இருவரும் ஒரே அணி. பின்னாளில் மைதானத்துக்கு வெளியேயும் இருவருக்கும் ஒரே முதலாளி, கொரியாவின் குதிரைப் பந்தய நிறுவனம். (சிரிக்காதீர்கள், அவர்கள் நடத்தும் ஜூடோ அணி இங்கே பெரிய பெயர்.) ஒருவருக்குக் கூட்டமும் கேமராவும், இன்னொருவருக்கு முதுகில் ஒரு தட்டு. வெண்கலத்தோடு திரும்பியவரை எப்படி நடத்தினார்கள் என்பதை ச்வே பிறகு மனம்விட்டுப் பேசியிருக்கிறார். நடுவில் சில வருஷம் தளர்ந்தும் போயிருந்தார்.

பெய்ஜிங்கில் அவருக்கு 28 ஆக ஒன்பது நாள் பாக்கி. 60 கிலோவில் அது இளம் வயது இல்லை. இப்போது உங்கள் பையனுக்குச் சொல்லிப் பாருங்கள்.

பெங்களூரிலிருந்து:

எல்லாரும் உருகுவதைப் பார்த்தால் நான்தான் வில்லன் போலிருக்கிறது. எனக்கு அந்த வீடியோ பிடிக்கவே இல்லை. ஜூடோவில் ஜெயித்தால் பல்லைக்கூடக் காட்டாமல் எழுந்து, உடையைச் சரிசெய்து, வணங்கிவிட்டுப் போவார்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். தோற்றவன் வந்து ஜெயித்தவனைத் தேற்ற வேண்டியிருந்தது என்றால் அதில் என்ன பெருமை? பைஷருக்கு அன்று அழக்கூட நேரம் கிடைக்கவில்லை.

சால்ஸ்பர்க்கிலிருந்து:

பைஷர் எங்கள் சால்ஸ்பர்க் மாநிலத்துக்காரர், அதனால் நானும் வருகிறேன். ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வாங்கியவர், லேசுப்பட்டவர் இல்லை.

மேலே எழுதியவருக்கு ஒன்று. பைஷர் அவரை வெறுமனே தேற்றிவிட்டு நகரவில்லை. எழுப்பி நிறுத்தி, அவர் கையைப் பிடித்து உயர்த்தி அரங்கத்துக்குக் காட்டினார். தன் முதுகு மெத்தையில் மோதி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கொரியாவில் பைஷரின் பெயர் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்றால் அது வெள்ளிப் பதக்கத்துக்காக இல்லை. எங்கள் பிரிவில் வேலை பார்த்த ஒரு கொரியப் பெண் நான் சால்ஸ்பர்க் என்றதும் மோட்சார்ட் என்று சொல்லாமல் "பைஷர்!" என்றாள். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

சுவோனிலிருந்து:

ஒரு சின்னச் சமாச்சாரம். அந்தத் தங்கத்தைக் கொடுத்த வீச்சை இன்று போட்டால் தண்டனை.

நாற்பதைத் தொடும் வயதில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் தோஜாங்கில் (ஜூடோ கூடம்) சேர்ந்தேன். முதல் இரண்டு வாரம் விழுவதை மட்டும்தான் சொல்லித் தந்தார்கள். 'நாக்பொப்' என்பார்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, வயிற்றைப் பார்த்தபடி சாய்ந்து, முதுகு தரையில் படும் அதே நொடியில் உள்ளங்கையால் மெத்தையை அறைய வேண்டும். கை ஒரு இமைப்பொழுது பிந்தினால் மண்டைக்குள் மணி அடிக்கும். உடையின் காலர் கயிறு மாதிரி தடித்திருக்கும், ஒரு மாதத்தில் கழுத்தைச் சுற்றிச் சிவந்த வளையம். ஆபீசில் மனைவியோடு சண்டையா என்று கேட்டார்கள்.

எங்கள் குவான்ஜாங்நிம் (கூடத்தின் தலைவர், அறுபது தாண்டியவர்) ஒருநாள் அந்த பெய்ஜிங் இறுதிப்போட்டியைப் போட்டுக் காட்டினார். மூன்று தடவை ஓட்டினார். பிறகு அணைத்துவிட்டு, "இதை ரசியுங்கள், செய்யாதீர்கள்" என்றார். 2010 விதிமாற்றத்தில் காலை நேராகப் பிடித்தால் வெளியேற்றம் என்று வந்தது. 2013இல் இடுப்புக் கச்சைக்குக் கீழே கை வைப்பதே கூடாது என்றானது. மல்யுத்தம் தனியாக இருக்கும்போது ஜூடோ ஜூடோவாக இருக்கட்டும் என்பது விதியை மாற்றியவர்கள் வாதம். எனக்கு அரைமனதுதான். 163 செண்டிமீட்டர் உயரத்தில் ஒரு மனிதர் தன் எடையுள்ள ஆளை வேரோடு பிடுங்குகிற மாதிரி தூக்குவதை இனி பழைய வீடியோவில்தான் பார்க்க வேண்டும்.

ச்வேயின் கை பலம் அப்படி. காலைப் பிடிப்பது மட்டும் அவர் வித்தை என்று நினைக்காதீர்கள். 'ஒபொச்சிகி' என்று கொரியர் சொல்லும் தோள்வீச்சும் அவருக்குக் கைவந்தது. எதிராளிக்குக் கீழே புகுந்து முதுகில் ஏற்றி எறிவது. குள்ளமாக இருப்பது அதற்கு வசதி.

இன்னொன்று, யொங்இன்காரர் சொன்ன தசைப்பிடிப்பு. அந்தக் காலத்தில் எடை பார்ப்பது போட்டி நாள் காலையில். உடம்பிலிருக்கும் தண்ணீரை வற்றவைத்து 60 கிலோவுக்குள் வந்து, சில மணி நேரத்தில் மெத்தையில் ஏற வேண்டும். கால் பிடிக்காமல் என்ன செய்யும்? பின்னால்தான் முந்தின நாளே எடை பார்க்கும் வழக்கம் வந்தது.

சோலிலிருந்து:

ஓ, அதனால்தான் பெய்ஜிங்கில் அவர் ஒவ்வொரு ஆட்டத்தையும் சீக்கிரம் முடித்தாரோ? நீட்டினால் கால் மறுபடி ஏமாற்றிவிடும் என்ற பயமா?

சுவோனிலிருந்து:

அதை அவர்தான் சொல்ல வேண்டும் அண்ணா. ஆனால் அன்று எதிரில் வந்தவர்களைப் பாருங்கள். காலிறுதியில் உஸ்பெகிஸ்தானின் சொபிரோவ், அரையிறுதியில் முந்தின வருஷ உலக சாம்பியன் நெதர்லாந்தின் ஹௌக்கஸ். இருவரும் கடைசியில் வெண்கலத்தோடு மேடையில் நின்றார்கள். மேடையேறிய மற்ற மூவரையுமே ச்வே முதுகில் விழவைத்திருந்தார்.

தேஜொனிலிருந்து:

நான் பெய்ஜிங் பார்த்ததில்லை, அப்போது பள்ளிக்கூடம். எனக்குத் தெரிந்த ச்வே மின்-ஹோ பயிற்சியாளர்.

பெய்ஜிங்குக்குப் பிறகு 66 கிலோவுக்கு ஏறி லண்டன் போகப் பார்த்தார், அந்த இடம் சோ ஜுன்-ஹோவுக்குக் கிடைத்தது. லண்டனில் சோவுக்கு நடந்தது தனிக்கதை. காலிறுதியில் ஜப்பானின் எபினுமாவோடு ஆட்டம் சமன், மூன்று நடுவர்களும் சோவுக்குக் கொடி தூக்கிவிட்டு, பிறகு மூவருமே மாற்றித் தூக்கினார்கள். கொரியாவில் இன்றும் அதைச் சொன்னால் குரல் உயரும்.

பிறகு ச்வே தேசிய அணியின் பயிற்சியாளர்களில் ஒருவரானார். அவர் தேய்த்து மெருகேற்றியவர் ஆன் பா-உல். 2016 ரியோவில் 66 கிலோ அரையிறுதியில் அதே எபினுமாவை ஆன் சாய்த்தபோது விடுதியில் நாங்கள் மேஜையைத் தட்டிய சத்தத்துக்கு வார்டன் வந்துவிட்டார். இறுதியில் இத்தாலியின் பசீலே ஒன்றரை நிமிடத்துக்குள் ஆனைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஒரே அமைதி. அந்த ஆனேதான் 2024 பாரிசில் கலப்பு அணிப் போட்டியில், தன்னைவிட ஒரு எடைப் பிரிவு மேலே இருந்த ஜெர்மன் வீரரை இரண்டாவது தடவையும் சந்தித்து வென்று கொரியாவுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தவர். அன்று வெண்கலத்துக்கே இங்கே எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள், யொங்இன் அண்ணா கவனிக்க.

பெங்களூரிலிருந்து:

எடை, தசைப்பிடிப்பு, நாலு வருஷம் எதுவுமே எனக்குத் தெரியாது. இப்போது மறுபடி பார்த்தேன். இருந்தாலும் முதலில் வணங்கிவிட்டு அழுதிருக்கலாம். சரி, பாதி விட்டுக்கொடுக்கிறேன்.

கூமியிலிருந்து:

ச்வேயின் சொந்த ஊர் கிம்ச்சொன் எனக்கு அடுத்த ஊர். திராட்சையும் பிளம்ஸும் விளையும் பூமி. கோடையில் சாலையோரம் கூடையில் வைத்து விற்பார்கள். போன வருஷம் பழம் வாங்கும்போது சும்மா பேச்சுக்கொடுக்க அவர் பெயரைச் சொன்னேன். விற்ற தாத்தா நிமிர்ந்து பார்த்து, "அழுத பையனா?" என்றார். நாலு பழம் கூடுதலாகப் போட்டார். அதற்கும் ச்வேவுக்கும் சம்பந்தம் உண்டா, பழம் கனிந்துவிட்டதாலா, தெரியாது.

சுவோனிலிருந்து:

கடைசியாக ஒன்று எழுதிவிட்டுப் போகிறேன், வாயில் எச்சில்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதி அமெச்சூர் போட்டி, நான் 66 கிலோ. இன்று ராத்திரி தராசில் 66.8. சாயங்காலமே சோறு நிறுத்தியாயிற்று. இப்போது ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு குடியிருப்பின் படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன், ஏழாவது மாடியில் உட்கார்ந்து இதை அடிக்கிறேன். குவான்ஜாங்நிம் இப்போதுதான் செய்தி அனுப்பினார்: பைத்தியக்காரத்தனம் வேண்டாம், ஒழுங்காகச் சாப்பிட்டு 73இல் ஆடு. 73இல் வருகிறவர்கள் எல்லாம் இருபது வயதுப் பையன்கள். இடது கெண்டைக்கால் லேசாக இழுக்கிறது.